தோட்டத்துக் கொட்டகை சோலார் லைட் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

ஈபி கம்பம் வராத தோட்டத்துக் கொட்டகையில் 12 வோல்ட் சோலார் லைட் போட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் அமைப்பு இப்படித்தான் இருக்கும்: கூரை மேல் 40 வாட் பேனல் ஒன்று, உள்ளே சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் (பேட்டரிக்கு ஏறும் சார்ஜையும் லைட்டுக்குப் போகும் கரண்டையும் கட்டுப்படுத்தும் பெட்டி), தரையில் 12 வோல்ட் பேட்டரி, அதிலிருந்து இரண்டு மூன்று எல்இடி பல்பு அல்லது ஸ்ட்ரிப். லைட் எரியாவிட்டால் முதலில் பல்பை மாற்றுகிறார்கள், சரிவராவிட்டால் பேட்டரியை மாற்றுகிறார்கள், அதற்கும் மசியாவிட்டால் சோலாரே தண்டம் என்று கைவிட்டுவிடுகிறார்கள். நல்ல பேட்டரியை எடைக்குப் போட்டுவிட்டு, லூஸ் ஜாயின்ட்டை அப்படியே விட்டு வைத்திருக்கும் கொட்டகைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசே ஆறாது. ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள்: எதையும் வாங்குவதற்கு முன் நாலு இடத்தில் வோல்ட் பாருங்கள். பழுது எங்கே என்று அதிலேயே தெரிந்துவிடும்.

மீட்டரும் அந்த நாலு இடங்களும்

எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். திருகியை டிசி வோல்ட் பக்கம் வையுங்கள். பேட்டரிக்கு 20 என்ற அளவு சரி. ஆனால் பேனலுக்கு 200-க்குத் திருப்ப வேண்டும், ஏனென்றால் 12 வோல்ட் பேனல் என்று சொல்லி விற்கிற பேனல் வெயிலில் எதிலும் இணைக்காமல் இருக்கும்போது 21, 22 வோல்ட் காட்டும். 20-இல் வைத்துப் பார்த்தால் திரையின் இடது ஓரத்தில் வெறும் 1 மட்டும் நிற்கும், பேனல் போச்சு என்று நினைத்துவிடுவீர்கள்.

நாலு இடம் எவை என்றால், பேனல் வயர் கன்ட்ரோலருக்குள் நுழையும் இடம், பேட்டரியின் முனைகள், கன்ட்ரோலரின் லோடு முனைகள் (லைட்டுக்கு வயர் கிளம்பும் இடம்), கடைசியாக லைட்டின் முனை. பேனலைத் தவிர மற்ற மூன்றையும் லைட் எரிகிற நிலையில், அல்லது எரிய வேண்டிய நிலையில் பாருங்கள். இது ரொம்ப முக்கியம். கரண்ட் ஓடாதபோது, இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒரே இழையில் தொங்குகிற வயர்கூட முழு 12 வோல்ட்டைக் காட்டும். லைட்டைப் போட்டதும்தான் அதன் குட்டு வெளிப்படும்.

ஆம்பியர் பார்க்க மீட்டரின் சிவப்பு முள்ளை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுவோம் அல்லவா, பார்த்து முடித்த கையோடு அதைப் பழைய துளையில் போட்டுவிடுங்கள். அந்தத் துளையில் இருக்கும்போது பேட்டரியைத் தொட்டால் நேரடி ஷார்ட். 7 ஆம்பியர் மணி (பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி சின்னதுதானே என்று நினைக்க வேண்டாம், ஷார்ட் ஆனால் நூறு ஆம்பியருக்கு மேல் தள்ளக்கூடியது, மெல்லிய வயர் நொடியில் பழுத்துவிடும். மேலே தென்னங்கீற்றோ பனையோலையோ கூரை என்றால் விபரீதத்தைச் சொல்லவே வேண்டாம். பேட்டரி ப்ளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இல்லை என்றால், பழுது பார்ப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதைப் போடுங்கள். பைக், காரில் வருகிற 5 அல்லது 10 ஆம்பியர் ஃபியூஸும் அதற்கான ஹோல்டரும் எந்த ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும்.

கழற்றும்போது லோடு, பேனல், கடைசியில் பேட்டரி. மாட்டும்போது பேட்டரி முதலில், அப்புறம் பேனல், கடைசியில் லோடு. 12, 24 இரண்டுக்கும் பொதுவான கன்ட்ரோலர்கள் பேட்டரி வோல்ட்டைப் பார்த்துத்தான் எந்த சிஸ்டம் என்று தீர்மானிக்கின்றன. பேட்டரி இல்லாமல் பேனலை முதலில் கொடுத்தால் அது குழம்பிப்போகும், சில சமயம் வெந்தும் போகும்.

ஒன்றுமே எரியவில்லை, கன்ட்ரோலர் டிஸ்ப்ளேயும் இருட்டு

கன்ட்ரோலர் பேட்டரியில்தான் ஓடுகிறது. டிஸ்ப்ளே இருட்டாக இருந்தால் பேனலையும் பல்பையும் மறந்துவிட்டு பேட்டரிப் பக்கம் மட்டும் பாருங்கள்.

பேட்டரி முனையில் 12-க்கு மேல் இருக்கிறது, கன்ட்ரோலரின் பேட்டரி முனையில் பூஜ்யம் என்றால், இடையில் ஃபியூஸ், லக் (வயர் நுனியில் அழுத்தி மாட்டும் தகடு), வயர் மூன்றில் ஒன்று. ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம், அதன் இரண்டு பக்கமும் மீட்டரை வைத்துப் பாருங்கள். ஃபியூஸ் நன்றாகவே இருக்கும், ஹோல்டருக்குள் இருக்கும் தகடு பச்சைக் களிம்பு பிடித்துத் தொடர்பு விட்டிருக்கும். உரமூட்டை வைத்திருக்கும் கொட்டகையில் இது சீக்கிரமே வரும்.

ஃபியூஸ் எரிந்துதான் போயிருக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எலி கடித்த வயரா, தகரத்தின் ஓரத்தில் உரசித் தோல் உரிந்த வயரா, கன்ட்ரோலர் முனையில் வெளியே பிதுங்கிப் பக்கத்து முனையைத் தொடும் இழையா என்று பார்த்துச் சரிசெய்த பிறகே புது ஃபியூஸ். அந்த இடத்தில் செம்புக் கம்பி இழையைச் சுற்றி வைக்கும் பழக்கம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

லித்தியம் பேட்டரியில் இன்னொரு விஷயம் உண்டு. மீட்டரில் பூஜ்யமோ ஒன்றிரண்டு வோல்ட்டோ காட்டும், செத்துவிட்டது போலத் தெரியும். உள்ளே செல்களைக் காக்கும் பிஎம்எஸ் போர்டு, சார்ஜ் ரொம்ப இறங்கியதால் வெளி முனையைத் துண்டித்திருக்கலாம், செல்கள் நன்றாகவே இருக்கும். வோல்ட் தெரியாத பேட்டரியைக் கண்டுகொள்ளாத கன்ட்ரோலர்கள் பல இருப்பதால் சோலாரால் அதை எழுப்ப முடியாது. அந்தப் பேட்டரிக்கென்றே உள்ள சார்ஜரை வீட்டில் மாட்டினால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும்.

டிஸ்ப்ளே எரிகிறது, லைட் மட்டும் எரியவில்லை

முதலில் லோடு முனையில் வோல்ட் பாருங்கள். அங்கே 12 இருந்து லைட்டில் இல்லை என்றால் வயரோ சுவிட்சோ ஜாயின்ட்டோ. லைட் முனையிலும் 12 இருந்து எரியவில்லை என்றால் ப்ளஸ் மைனஸை மாற்றிப் பாருங்கள், எல்இடி ஸ்ட்ரிப் தலைகீழாகக் கொடுத்தால் எரியாது. அதற்கும் எரியவில்லை என்றால்தான் லைட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

லோடு முனையிலேயே வோல்ட் இல்லை என்றால் கன்ட்ரோலர் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கிறது. பேட்டரி 11 வோல்ட்டை ஒட்டி இறங்கியதும் லோடைத் துண்டித்துவிடும், திரும்பவும் 12.6 அளவுக்கு ஏறினால்தான் கொடுக்கும். ஆகவே காலையில் டிஸ்ப்ளேயில் 12.1 காட்டுகிறது, லைட் எரியவில்லை என்றால் அது பழுதே இல்லை, வெயில் ஏறட்டும். அப்புறம் டைமர். பல கன்ட்ரோலர்களில் 24 என்று வைத்தால் எப்போதும் எரியும், 0 என்று வைத்தால் இருட்டினதும் எரிந்து விடிந்ததும் அணையும், இடைப்பட்ட எண் என்றால் பொழுது சாய்ந்ததிலிருந்து அத்தனை மணி நேரம். யாராவது பொத்தானை அழுத்தி அமைப்பை மாற்றியிருக்கலாம். பகலில் சோதிக்க வேண்டுமானால் பேனல் மேல் ஒரு கனமான சாக்கை மூடிவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள்.

எரிகிறது, ஆனால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது

அதிகம் கேட்கப்படுவதும், அதிகம் பேட்டரி வீணாவதும் இதில்தான். கேள்வி ஒன்றே: பேட்டரி சார்ஜை வைத்துக்கொள்ளவில்லையா, அல்லது சார்ஜே ஏறவில்லையா?

சாயந்திரம் வெயில் இறங்கியதும் பேனல் வயரையும் லோடு வயரையும் கழற்றிவிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் பேட்டரியைச் சும்மா விடுங்கள். சார்ஜ் ஆன கையோடு பார்த்தால் 13-க்கு மேல் காட்டி ஏமாற்றும். ஓய்வுக்குப் பிறகு லெட் ஆசிட் பேட்டரி 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி.

நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது லோடை மாட்டி எல்லா லைட்டையும் போட்டு, பேட்டரி முனையிலேயே பாருங்கள். நல்ல பேட்டரி ஒரு ஆம்பியர் இழுப்புக்குப் 0.1, 0.2 வோல்ட் மட்டும் இறங்கி அங்கேயே நிற்கும். சில நிமிடத்துக்குள் 11.5-க்குக் கீழே சரிகிறது என்றால் அதன் காலம் முடிந்தது. நாள் முழுக்க நல்ல வெயிலில் சார்ஜ் போட்டும் 10.5-ஐ ஒட்டியே நிற்கிறது என்றால் ஆறு செல்லில் ஒன்று ஷார்ட், அதுவும் தேறாது. இந்த இரண்டு நிலையில் மட்டும் தயங்காமல் பேட்டரியை மாற்றுங்கள். கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய பழைய பேட்டரியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்திருந்தால் இது சீக்கிரமே நடக்கும். அது எப்போதாவது சில நிமிடம் கரண்ட் கொடுப்பதற்கென்று செய்தது, தினமும் இறங்கி ஏறுவதற்கு அல்ல. சூடும் ஒரு எமன். பத்து டிகிரி கூடினால் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. தகரக் கூரையை ஒட்டிப் பரணில் ஏற்றி வைத்திருந்தால் இறக்கித் தரையில் ஒரு மரப்பலகை மேல், வெயில் படாத மூலையில் வையுங்கள்.

பேட்டரி தேர்ச்சி பெற்றுவிட்டது, ஆனாலும் சீக்கிரம் அணைகிறது என்றால் கணக்கைப் பார்க்க வேண்டும். 7 ஆம்பியர் மணி பேட்டரியில் ஆயுள் கெடாமல் பாதிதான் எடுக்கலாம், அதாவது ஏறக்குறைய 42 வாட் மணி. மூன்று 5 வாட் பல்பு போட்டால் மூன்று மணி நேரம்கூட வராது. இரவு முழுக்க 12 மணி நேரம் எரிய வேண்டும் என்றால் 180 வாட் மணி, 15 ஆம்பியர் மணி வேண்டும், பேட்டரி குறைந்தது 30 ஆம்பியர் மணி இருக்க வேண்டும். சரி, பெரிய பேட்டரி வாங்கிவிடலாம் என்றால் அதை நிரப்ப ஆள் வேண்டுமே? 40 வாட் பேனல் நல்ல வெயிலில் 2.2 ஆம்பியர் அளவுக்குத் தரும். நல்ல வெயில் நாளில் ஐந்து மணி நேரம் என்று வைத்தால் 11, இழப்பு போக 8, 9 ஆம்பியர் மணி. பேனலை விட்டுவிட்டுப் பேட்டரியை மட்டும் பெரிதாக்கினால் அது ஒருநாளும் நிறையாமல் பாதியிலேயே கிடந்து, தகட்டில் சல்ஃபேட் படிந்து கெட்டுப்போகும். வாசலில் ஒரு பல்பு மட்டும் இரவு முழுக்க, மற்றவை ஆள் இருக்கும்போது மட்டும் என்று பிரித்துவிடுவதுதான் என் பார்வையில் நல்ல வழி.

சாயந்திரம்கூட பேட்டரி நிறையவில்லை

உச்சி வெயிலில் பேனல் வயரைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி வோல்ட் பாருங்கள். 20-க்கு மேல் என்றால் நல்லது. 10, 11 என்று கிட்டத்தட்ட சரிபாதி காட்டினால் பேனலுக்குப் பின்னால் இருக்கும் கறுப்புப் பெட்டியைத் திறங்கள், பைபாஸ் டயோடு (கரண்டுக்கு மாற்றுப் பாதை தரும் சிறு பாகம்) இரண்டில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கலாம். மின்னல் விழுந்த மழைக்குப் பிறகு இது நடப்பதுண்டு. சில ரூபாய் சமாச்சாரம், சால்டரிங் தெரிந்தவர் மாற்றிக் கொடுத்துவிடுவார், முழுப் பேனலையும் தூக்கிப்போட வேண்டாம். அந்தப் பெட்டிக்குள் குளவி கூடு கட்டியிருக்கும், முனையைச் சுற்றி எறும்பு மண் கொண்டுவந்து அடைத்திருக்கும், அதையும் சுத்தம் செய்யுங்கள். வோல்ட் பூஜ்யம் என்றால் பெட்டிக்குள் முனை விட்டிருக்கிறது அல்லது வரும் வழியில் வயர் அறுந்திருக்கிறது.

வோல்ட் சரியாக இருப்பதால் மட்டும் பேனல் நல்லது என்று ஆகிவிடாது. மேகமூட்டத்திலும் 19 வோல்ட் வரும், ஆம்பியர்தான் வராது. மீட்டரை 10 ஆம்பியருக்கு மாற்றி, தனியாகக் கழற்றிய பேனலின் இரண்டு வயரையும் மீட்டர் வழியாகச் சேர்த்துப் பாருங்கள். பேனலை இப்படி ஷார்ட் செய்வதால் அதற்கு ஒன்றும் ஆகாது. இதைப் பேட்டரியில் மட்டும் செய்துவிடாதீர்கள். 40 வாட் பேனல் உச்சி வெயிலில் 2 ஆம்பியருக்கு மேல் தர வேண்டும். அரை ஆம்பியர்தான் வருகிறது என்றால் மேலே ஏறிப் பாருங்கள். 36 செல்லும் ஒரே வரிசையில் கோத்திருப்பதால் ஒரு தென்னை ஓலையின் நிழல் இரண்டு செல் மேல் விழுந்தாலே மொத்தக் கரண்டும் படுத்துவிடும். காக்கை எச்சமும் அப்படித்தான், புழுதி படலமாகப் படிவதைவிட ஒரு செல்லை முழுசாக மறைக்கும் எச்சம் கெடுதல் அதிகம். போட்டபோது இல்லாத நிழல் இப்போது இருக்கலாம், மரம் வளர்ந்திருக்கும். நம் ஊருக்குத் தெற்குப் பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வு போதும், படுக்கையாக வைத்தால் மழைத்தண்ணீர் அழுக்கைக் கழுவாமல் கீழ் ஓரத்தில் சேறாகத் தேங்கிக் கடைசி வரிசை செல்களை மூடிவிடும்.

பேனல் வெயிலில் முழு ஆம்பியர் தருகிறது, பேட்டரி ஏறவில்லை என்றால் கன்ட்ரோலரில் பேட்டரி வகை சரியாக வைத்திருக்கிறதா பாருங்கள். சாதாரண சீல்டு பேட்டரிக்கு 14.4 வரை ஏற்றி 13.7 அளவில் நிறுத்த வேண்டும். வீட்டு மாடியில் போடும் பெரிய 60 செல் பேனல் ஒன்று கிடைத்தது என்று மாட்டியிருந்தால், பிடபிள்யூஎம் என்ற சாதாரண வகைக் கன்ட்ரோலர் 30 வோல்ட்டை 13-க்கு இழுத்துப் பிடித்து மீதியை வீணாக்கிவிடும், பாதிக்குமேல் நஷ்டம். அதற்கு, கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும் உண்மையான எம்பிபிடி கன்ட்ரோலர் வேண்டும். உண்மையான என்று அழுத்திச் சொல்கிறேன், எம்பிபிடி என்று மேலே அச்சடித்து உள்ளே பிடபிள்யூஎம் வைத்து விற்பது சந்தையில் நிறைய. உள்ளே கம்பிச்சுருள் (காயில்) இல்லாமல் கையில் எடுத்தால் பஞ்சாக இருக்கும், விலையும் சில நூறுதான் என்றால் நம்ப வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாலைந்து நாள் சூரியனே தெரியாவிட்டால் எதையும் கழற்ற வேண்டாம். டைமரை இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிட்டுப் பொறுத்திருங்கள்.

மங்கலாக எரிகிறது, தூரத்து லைட் இன்னும் மங்கல்

இது வயர். கொட்டகையிலிருந்து 20 மீட்டர் தள்ளி கிணற்றடியில் ஒரு ஸ்ட்ரிப், 2 ஆம்பியர் இழுக்கிறது என்போம். போக வர 40 மீட்டர். 1 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் என்றால் வழியிலேயே 1.4 வோல்ட் போய்விடும், 2.5 ஸ்கொயர் என்றால் அரை வோல்ட்டை ஒட்டித்தான். 230 வோல்ட்டில் ஒன்றரை வோல்ட் யாருக்கும் தெரியாது, 12-இல் அது பெரிய பள்ளம். அதுவும் ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்று எல்இடியாகத் தொடுத்து ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். எல்இடி மூன்றும் சேர்ந்து 9 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 3 வோல்ட்தான் ரெசிஸ்டருக்கு, கரண்டைத் தீர்மானிப்பது அதுதான். 12 வோல்ட் 10.8 ஆனால் அந்த மிச்சம் 3-லிருந்து 1.8 ஆகிவிடுகிறது, வெளிச்சம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைகிறது.

வயர் தடிமனாக இருந்தும் மங்கல் என்றால் ஜாயின்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருப்பதுதான் குற்றவாளி. முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டைப் பிரித்துப் பாருங்கள், டேப்பின் பசை தார் போல வழிந்து, உள்ளே செம்பு கறுத்து, நகத்தால் சுரண்டினால் பச்சைத் தூளாக உதிரும். அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதுச் செம்பு தெரியும் வரை உரித்து, சால்டர் செய்தோ ஸ்க்ரூ கனெக்டரிலோ போடுங்கள். விலை குறைவு என்று வாங்கிய வயரின் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கிறதா? செம்பு பூசிய அலுமினியம், அதை மாற்றிவிடுவதே நல்லது. 5 மீட்டர் ஸ்ட்ரிப்பில் ஆரம்பம் பளிச்சென்றும் கடைசி மங்கலாகவும் இருந்தால், இரண்டு முனையிலும் கரண்ட் கொடுங்கள்.

மினுக் மினுக் என்கிறது

காற்றடிக்கும்போது மட்டும் என்றால் லூஸ். இருட்டியதும் எரிந்து, உடனே அணைந்து, மறுபடி எரிந்து என்று விடாமல் ஆடினால் வெளி லைட்டின் வெளிச்சம் பேனல் மேலேயே படுகிறதா பாருங்கள். பேனல் வோல்ட்டை வைத்துத்தான் கன்ட்ரோலர் பகல் இரவு பார்க்கிறது, லைட் பக்கத்திலேயே இருந்தால் விடிந்துவிட்டது என்று நினைத்து அணைத்துவிடும். லைட்டைத் திருப்பிவிட்டால் தீர்ந்தது. நள்ளிரவுக்கு மேல் டிரைவர் (கரண்டைச் சீராக்கும் சின்ன சர்க்யூட்) உள்ள பல்பு துடிக்கிறது என்றால் பேட்டரி காலியாகப் போகிறது, மேலே சொன்ன சோதனைகளுக்குப் போங்கள்.

அணையவே மாட்டேன் என்கிறது, பகலிலும் எரிகிறது

டைமர் 24-இல் இருக்கலாம். அது இல்லை என்றால் லைட்டின் மைனஸ் வயர் எங்கே போகிறது என்று பின்தொடருங்கள். விலை குறைந்த பல கன்ட்ரோலர்களில் ப்ளஸ் எல்லாம் உள்ளே ஒன்றாகச் சேர்ந்திருக்கும், மைனஸைத்தான் துண்டித்துச் சேர்க்கும். எல்லா மைனஸும் ஒன்றுதானே என்று லைட்டின் மைனஸைப் பேட்டரி மைனஸில் சேர்த்தால் கன்ட்ரோலருக்கு அதன் மேல் அதிகாரமே இல்லை, 11 வோல்ட்டிலும் நிறுத்தாமல் பேட்டரியை வறட்டிவிடும். பேனல் வயர் அறுந்தாலும் கன்ட்ரோலர் இரவு என்றே நினைத்து லைட்டைப் போட்டு வைத்திருக்கும்.

ஸ்ட்ரிப் மட்டும் அடிக்கடி கருகுகிறது

உள்ளே இருட்டு என்று பகலிலும் போட்டு வைக்கிறீர்களா? பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் வரை போகும். மேலே சொன்ன கணக்குப்படி ரெசிஸ்டருக்கு 3-க்குப் பதில் 5.4 வோல்ட், கரண்ட் 1.8 மடங்கு, ரெசிஸ்டரின் சூடு மூன்று மடங்குக்கும் மேல். எத்தனை புது ஸ்ட்ரிப் ஒட்டினாலும் இதே கதைதான். பகலில் லைட் வேண்டுமானால் 9 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் டிரைவர் உள்ள டிசி பல்பு வாங்குங்கள்.

பேட்டரி உப்பியிருக்கிறது, தொட்டால் சூடு

உடனே நிறுத்துங்கள். கன்ட்ரோலர் 14.4-ஐத் தாண்டி ஏற்றுகிறதா என்று மாற்றுப் பேட்டரி மாட்டும் முன் தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் புதியதும் உப்பும். லித்தியமில் வகையைக் கவனியுங்கள்: 12.8 வோல்ட் என்று போட்ட எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி 14.4-ஐத் தாங்கும், 18650 என்ற உருளைச் செல்களை மூன்று தொடராகக் கோத்துச் செய்த பேக் 12.6-க்கு மேல் போகவே கூடாது. லெட் ஆசிட் கன்ட்ரோலரில் இதை மாட்டினால் பிஎம்எஸ் ஒன்றுதான் இடையில் நிற்கிறது, அது கைவிட்டால் தீப்பிடிக்கும். உப்பிய லித்தியம் பேக்கை ஓலைக் கூரைக்குக் கீழே ஒரு இரவுகூட வைக்க வேண்டாம், வெளியே திறந்த இடத்தில் மண் தரையில் வைத்துவிட்டு, மறுநாள் பேட்டரிக் கடையில் ஒப்படையுங்கள். உப்பிய லெட் ஆசிட் பேட்டரியைக் கொடுத்தால் புதியதில் விலை கழித்துத் தருவார்கள், உடைத்து ஈயம் எடுப்பவரிடம் கொடுக்காதீர்கள், அந்த ஆசிட் தோட்டத்து மண்ணில்தான் கொட்டும்.